பாலின் இடத்தில் பாதாமா?

கடையில் பாதாம் பான டப்பா ஒன்றைக் கையில் எடுத்தால், முகப்பைப் பார்ப்பதோடு நிற்காமல் பின்பக்கத்தையும் திருப்பிப் படியுங்கள். முன்னால் கொத்தாகப் பாதாம் பருப்புகளின் படம். பின்னால், பொருள்களின் பட்டியலில், பொடி எழுத்தில் பாதாமின் அளவு. சந்தையில் உள்ள பல பானங்களில் அது 2 முதல் 3 விழுக்காடுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 விழுக்காடு என்றால் ஒரு லிட்டரில் 30 கிராம் பாதாம். எண்ணினால் சுமார் 25 பருப்பு. 200 மில்லி டம்ளரில் ஐந்து பருப்பின் சாரம். பாதாமில் 100 கிராமுக்கு 21 கிராம் புரதம் உண்டு என்றாலும், ஐந்து பருப்பில் ஒரு கிராமை ஒட்டித்தான் தேறும். அதே டம்ளர் பசும்பாலில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சோயா பானமும் ஏறத்தாழ அந்த அளவைத் தந்துவிடும். விலையில் மட்டும் பாதாம் பானம் பசும்பாலைவிடப் பல மடங்கு.

பாதாம் அருமையான உணவு. பாலை விலக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களின் சமையலில் அதற்கு உறுதியான இடம் உண்டு. ஆனால், அந்த இடம் டப்பாவுக்குள் இல்லை. அம்மியிலும் மிக்ஸியிலும், விழுதாகவும் மாவாகவும் இருக்கிறது. பாதாமைத் தண்ணீரில் கரைத்துப் பாலின் நாற்காலியில் உட்கார வைக்கும்போது, பாதாமின் நன்மையும் குறைகிறது. பாலின் நன்மையும் கிடைப்பதில்லை. இதைத் தெளிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனென்றால், குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இன்று இந்த டப்பாக்கள் நம்பிக்கையோடு வாங்கப்படுகின்றன.

யாருக்குப் பால் ஆகாது?

பால் ஒத்துக்கொள்ளாமை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வேறு நிலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவது. உலக மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தத் திறன் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் குடித்ததும் வயிறு உப்புவது, இரைவது, வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இவர்களில் பலர் கொஞ்சம் பாலைத் தாங்குவார்கள். தயிரில் நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிடுவதால் தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். இவர்கள் பாலை அடியோடு விலக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, பாலின் புரதத்துக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. இது பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் காணப்படுவது. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை போகலாம். இவர்களுக்கு ஒரு கரண்டி மோர்கூட ஆகாது. நெய்யிலும் எச்சரிக்கை வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய மருத்துவரால்தான் முடியும். பரிசோதனை செய்யாமல், கேள்விப்பட்டதை வைத்து வீட்டில் பாலை நிறுத்திவிடுவது இன்று பரவலாகிவருகிறது. உயிரினங்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற கொள்கையால் பாலைக் கைவிடுபவர்களும் பெருகியிருக்கிறார்கள். அது மதிக்க வேண்டிய முடிவு. காரணம் எதுவானாலும், பால் போன இடத்தில் என்ன வருகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கேள்வி மிகக் கடுமையானது. தாய்ப்பாலுக்கோ மருத்துவர் பரிந்துரைக்கும் குழந்தை உணவுக்கோ பதிலாகப் பாதாம் பானம் ஒருபோதும் ஆகாது. ஸ்பெயினில் பாதாம் பானத்தையே முக்கிய உணவாகக் கொண்டு வளர்ந்த கைக்குழந்தை ஒன்றுக்கு வைட்டமின் சி குறைபாட்டால் ஸ்கர்வி நோய் வந்ததை, 2016இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. பழைய காலக் கப்பல் மாலுமிகளைத் தாக்கிய நோய் அது. அந்தப் பெற்றோரிடம் அக்கறைக் குறைவு இருந்திருக்காது. வெண்ணிறமான, பால் போன்ற ஒரு பானம் பாலின் வேலையைச் செய்யும் என்று நம்புவது யாருக்கும் எளிதில் நேரக்கூடியது.

பாலில்லா உணவைத் தன் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர்களில் காந்தியடிகளைவிடப் புகழ்பெற்றவர் இல்லை. 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைக் கைவிட்டார். வேர்க்கடலையும் பழங்களும் அவருக்கு முக்கிய உணவாயின. 1918இல் கேடா பகுதியில் அலைந்து உழைத்துக் கடும் நோயில் விழுந்தபோது உடல் தேறவில்லை. கஸ்தூரிபாவின் யோசனையால் கடைசியில் ஆட்டுப்பாலை ஏற்றார். விரதத்தின் உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அவர் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று உண்டு: சோயா பானம், கால்சியமும் வைட்டமின் பி12உம் சேர்த்த உணவுகள். எனவே இன்று பாலில்லாமல் நலமாக வாழ முடியும். அதற்குத் திட்டம் வேண்டும் என்பதே அவர் அனுபவம் தரும் பாடம்.

பால் என்ன வேலை செய்கிறது?

சமையலறையில் பாலை மாற்ற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பதார்த்தத்தில் பால் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். காபியில் அது கசப்பைத் தணிக்கிறது. குருமாவில் தயிரோ பாலேடோ கெட்டித்தன்மை தருகிறது. பாயசத்தில் இனிப்புக்கு உடலாக இருக்கிறது. தயிர்சாதத்தில் புளிப்பையும் குளிர்ச்சியையும் தருகிறது. கேக்கில் ஈரத்தைத் தருகிறது. வளரும் பிள்ளையின் டம்ளரில் புரதமும் கால்சியமுமாக இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மாற்று உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று இல்லை.

பாதாம் முதல் தரமாகச் செய்யும் வேலை கெட்டிப்படுத்துவது. பத்துப் பன்னிரண்டு பருப்பை ஊறவைத்துத் தோலை உரித்து, கசகசாவோடு மைய அரைத்துக் குருமாவில் சேர்த்தால் தயிரும் பாலேடும் தேவைப்படாது. விழுதைச் சேர்த்த பிறகு தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். புளிப்பு வேண்டுமானால் இறக்கும்போது எலுமிச்சைச் சாறு போதும். பாயசத்திலும் இப்படித்தான். தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பாதாம் விழுது ஒரு கொதியைத் தாங்கிக்கொண்டு பாயசத்தை இன்னும் கெட்டியாக்கும்.

காபியில் பாதாம் பால் அவ்வளவு பணிவாக இருப்பதில்லை. டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து அதைத் திரிய வைக்கும். பாலை முதலில் மிதமாகச் சூடாக்கி, டிகாஷனைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றினால் திரிவது குறையும். தயிர் இன்னும் சிரமம். நுண்ணுயிரிகள் தின்ன லாக்டோஸும் இல்லை, உறைந்து கட்டியாகப் பாலின் கேசீன் புரதமும் இல்லை. வீட்டில் பாதாம் பாலைத் தோய்த்தால் நீர்த்துத்தான் நிற்கும். கடைத் தயிர் கெட்டியாக இருந்தால் அதில் மாவுச்சத்தோ பசையோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். சோயாப் பாலும் வேர்க்கடலைப் பாலும் இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்கின்றன.

நம் இனிப்புகளில் பாதாமின் சொந்த வீடு என்று கத்லியைச் சொல்லலாம். பொடித்த பாதாமும் கம்பிப் பதத்துச் சர்க்கரைப் பாகும் சேர்ந்தால் அது உருவாகிவிடுகிறது. தட்டில் தடவும் நெய்க்குப் பதில் எண்ணெயைத் தடவினால் பாலின் சுவடே இல்லாத இனிப்பு. பாதாம் அல்வாவில் நெய்யும், பல வீடுகளில் பாலும் உண்டு. தெருவோரக் கடைகளில் மாலை நேரத்தில் சுண்டக் காய்ச்சி விற்கும் பாதாம் பால் முழுக்கப் பசும்பால். பால் ஒவ்வாமை உள்ள குழந்தையோடு வெளியே போகும் பெற்றோர் இதை நினைவில் வைத்தே ஆக வேண்டும்.

பாதாமைப் பாதாமாகவே நடத்தியவர்கள்

பாலின்றிச் சமைக்க வேண்டிய கட்டாயம் இன்றைக்கு வந்ததில்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கப்பட்டிருந்தன. வசதி படைத்தவர்களின் அடுக்களைகளில் அந்த நாட்களில் பாதாமை அரைத்துப் பிழிந்த பாலே முக்கியப் பொருள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் நூலில் பாதாம் பால் சேரும் பதார்த்தங்கள் நிறைய உண்டு. அதற்கும் முன்னால், 1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலில், குழம்புகளைக் கெட்டியாக்க அரைத்த பாதாம் சேர்க்கப்படுகிறது. அந்தச் சமையல்காரர்கள் கையாண்டது கெட்டியான, பாதாம் நிறைந்த பால்; ருசிக்கும் பதத்துக்கும் வேண்டிய அளவுக்குப் பருப்பை அள்ளிப் போட்டார்கள்.

பேக்கிங்கில் பாதாமின் முழு வலிமையைக் காண ஸ்பெயினின் கலீசியா பகுதிக்குப் போக வேண்டும். சாண்டியாகோ தெ கொம்போஸ்தேலா நகரின் பெயர் தாங்கிய சாண்டியாகோ கேக்கில் மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, பால் இல்லை. 250 கிராம் பாதாம் பொடி, 250 கிராம் சர்க்கரை, ஐந்து முட்டை, எலுமிச்சைத் தோல் துருவல், கொஞ்சம் லவங்கப்பட்டை, அவ்வளவுதான். மேலே சர்க்கரைத் தூளில் புனித யாக்கோபின் சிலுவை. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. கேக்கில் மூன்றில் ஒரு பங்கு பாதாமாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பாலில்லாப் பண்டம் ஒன்றில் பாதாமுக்குத் தரப்படும் மரியாதை இது. 3 விழுக்காட்டுப் பானத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் மண்ணிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. ஐரோப்பியர் பாதாமைப் பொடித்து முட்டை வெண்கருவோடும் சர்க்கரையோடும் சேர்த்துச் செய்த மக்ரூன், தூத்துக்குடிக்கு வந்தபோது முந்திரிக்கு மாறியது. வெண்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்துக் கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். பாலும் மைதாவும் கிடையாது. தூத்துக்குடி பேக்கரிக்காரர்கள் செய்முறையின் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டிய பருப்பைப் போட்டார்கள். பாலில்லாச் சமையலுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி நமக்குத் தேவையில்லை.

வீட்டில் செய்யும்போது

பாதாம் மாவு கோதுமை மாவைப் போல நடந்துகொள்ளாது. மைதாவில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இதில் இல்லை. எண்ணெய் பாதி எடைக்கு இருக்கிறது. எனவே மைதாவை முழுக்க நீக்கிவிட்டு அதே அளவு பாதாம் மாவைக் கொட்டினால் கேக் எழும்பாது, உதிரும். பிடித்து நிறுத்த முட்டை வேண்டும். முட்டை சேர்க்காதவர்கள் பிஸ்கட் வகைகளில் மைதாவில் கால் பங்கை மட்டும் மாற்றித் தொடங்கலாம். வாயில் கரையும் மொறுமொறுப்பு கிடைக்கும். பாதாம் மாவு சீக்கிரம் சிவக்கும். ஓவன் சூட்டை 160 முதல் 170 டிகிரிக்குள் வைத்து, மேற்புறம் நிறம் மாறியதும் தாளால் மூடிவிட வேண்டும்.

மாவை வீட்டிலேயே செய்வது எளிது. பருப்பைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் விரலில் நழுவி வரும். துடைத்து, ஈரம் போக நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அதுவே பாதாம் வெண்ணெய். ரொட்டியில் தடவ உகந்தது. தோலோடு அரைப்பதில் தவறில்லை. நிறம் மங்கும், நார்ச்சத்து கூடும். அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

பால் எடுப்பதாக இருந்தால், ஒரு கப் பருப்பை இரவு ஊறவைத்து, தோலுரித்து, நான்கு கப் தண்ணீரில் அரைத்து மெல்லிய துணியில் பிழியலாம். கடைப் பானத்தைவிடப் பல மடங்கு பாதாம் அதில் இருக்கும். ஆனால் அதில் கால்சியமோ பி12ஓ சேர்க்கப்பட்டிருக்காது என்பதை மறக்கக் கூடாது. துணியில் தங்கும் சக்கையைக் குப்பையில் போடுவது பெரும் வீண். நார்ச்சத்து முழுவதும், புரதத்தில் கணிசமான பங்கும் அங்கேதான் இருக்கிறது. அதை அடை மாவில் சேர்க்கலாம், துவையல் அரைக்கலாம், உலர்த்தி பிஸ்கட்டுக்குப் போடலாம். வடிகட்டாமல் விழுதாகவே பயன்படுத்தினால் இந்தக் கேள்வியே எழாது.

முழுப் பாதாமின் நன்மை சிறியதல்ல. 28 கிராம், அதாவது 23 பருப்பில், 6 கிராம் புரதமும் ஒருநாள் தேவையில் ஏறக்குறைய பாதி வைட்டமின் இயும் கிடைக்கின்றன. மாவுச்சத்து குறைவு என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதாம் மாவு உதவும். ஆனால் 100 கிராமில் 580 கலோரி வரை இருக்கிறது, அளவு முக்கியம். சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் இதில் உள்ள ஆக்சலேட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பருப்பு வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

விலை, தண்ணீர், நம் வயல்

உலகின் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது. அங்கிருந்து ஏற்றுமதியாகும் பாதாமுக்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பூக்களில் மகரந்தம் சேர்க்க, அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து சுமார் 20 லட்சம் தேனீப் பெட்டிகள் லாரிகளில் அந்தத் தோப்புகளுக்குப் போகின்றன. பாசனத்தை நம்பிய வறண்ட பள்ளத்தாக்கு அது. நிலத்தடி நீர் இறங்கியதால் 2014இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

ஒருபக்கம் மட்டும் பேசுவது நியாயமாகாது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உலக சராசரியில் ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 628 லிட்டர் நீரும், ஒரு லிட்டர் பாதாம் பானத்துக்கு 371 லிட்டர் நீரும் செலவாகின்றன. வெப்பவாயு வெளியேற்றத்தில் பாதாம் பானம் பசும்பாலில் கால் பங்குகூட வராது. ஆனால் பூமிக்காக மாறுகிறோம் என்பவர்கள் அதே ஆய்வில் சோயா பானத்துக்கு 28 லிட்டர் நீர்தான் தேவைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புரதத்தின் அளவை வைத்து ஒப்பிட்டால் பாதாம் பானத்தின் மேன்மை பெரிதும் கரைந்துவிடும்.

நம் வயல்களில் விளைபவை இங்கே முன்னுக்கு வர வேண்டும். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். பாதாமைவிட அதிகம், விலையோ அதில் சிறு பங்கு. தோல் நீக்காத எள்ளில் பாதாமைவிட மூன்று மடங்குக்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகிலும் பாதாமைவிடக் கால்சியம் கூடுதல். விழுப்புரம், திருவண்ணாமலை வேர்க்கடலையும், பண்ருட்டி முந்திரியும், பொள்ளாச்சித் தேங்காயும் பாலில்லாச் சமையலின் நான்கில் மூன்று பங்கைப் பார்த்துக்கொள்ளும். தேங்காய்ப்பாலைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ருசிக்கு ஈடில்லை, ஆனால் புரதமும் கால்சியமும் அதிலும் குறைவு. குருமாவுக்கும் கேக்குக்கும் பாதாம், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், தயிருக்கும் பிள்ளைகளின் டம்ளருக்கும் சோயா அல்லது வேர்க்கடலை, கால்சியத்துக்கு எள்ளும் கேழ்வரகும் கீரையும் என்று வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதே அறிவுள்ள வழி.

செய்ய வேண்டியவை

தாவரப் பானங்களுக்குப் பால் என்று பெயர் சூட்டலாமா என்ற சண்டையில் அரசுகள் நிறைய நேரத்தைச் செலவிட்டுவிட்டன. ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் அதற்குத் தடை சொன்னது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021இல் இணைய விற்பனைத் தளங்களில் அந்தப் பெயரை நீக்கச் சொன்னது. பெயர் மாறியதால் வாங்குபவருக்குக் கூடுதலாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: இதில் பாதாம் எத்தனை விழுக்காடு? ஒரு டம்ளரில் புரதம் எத்தனை கிராம்? இந்த இரண்டு எண்களும் டப்பாவின் முகப்பில், பெயரின் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் அச்சாக வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாலுக்கு மாற்றாகத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இடம்பெற வேண்டும். பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. பொட்டலமின்றி விற்கும் இனிப்புக் கடைகளிலும் உணவகங்களிலும் பால், நெய், பருப்பு வகைகள் சேர்ந்திருப்பதை எழுதிவைக்கும் பழக்கம் வர வேண்டும்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாலை நிறுத்துங்கள் என்று சீட்டில் எழுதும்போது, அதற்குப் பதில் என்ன, எவ்வளவு என்ற அடுத்த வரியையும் எழுதுங்கள். அந்த வரி இல்லாததால்தான் பெற்றோர் விளம்பரத்தைக் கேட்டுக் கடைக்குப் போகிறார்கள்.

வீடுகளில் நாம் செய்ய வேண்டியது எளிது. பாதாம் வாங்கும் காசு இருந்தால் பருப்பாக வாங்குவோம். அரைத்து, பொடித்து, சக்கையோடு சமைப்போம். டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சர்க்கரை சேர்க்காததாக, கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கி, கால்சியம் அடியில் தங்காமல் குலுக்கிவிட்டு ஊற்றுவோம். அதைக் காபிக்கும் ருசிக்கும் வைத்துக்கொண்டு, புரதத்தை வேறு பாத்திரத்தில் தேடுவோம். 30 கிராம் பருப்புக்கு ஒரு லிட்டர் விலை கொடுப்பதை நிறுத்தினால், மிச்சமாகும் பணத்தில் ஒரு குடும்பம் மாதம் முழுவதும் வேர்க்கடலையும் எள்ளும் கேழ்வரகும் வாங்கிவிடலாம்.